பதினேழு வயதுச் சிறுநீரகமும் பருமன் அறுவை சிகிச்சையும்

பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஐம்பதை நெருங்கிவிட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோரிடம் பேச வேண்டியவை நிறைய இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு, முழங்கால் வலி, வகுப்பில் படும் கேலி. சிறுநீரகம் அந்தப் பேச்சில் கடைசியாக வரும், அல்லது வராமலே போகும். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஒரு கழிவு, 0.7 என்று இருக்கும். ‘கிட்னி நார்மல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி போதாது. இந்த வயதில், இந்த எடையில், சிறுநீரகம் கெடத் தொடங்கியிருப்பதைக் கிரியாட்டினின் காட்டாது. காட்டக்கூடிய சோதனை வேறு: அல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று பார்ப்பது. அது எளிமையானது, எந்த லேபிலும் செய்யக்கூடியது.

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல தகவல்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் ‘டீன்-லேப்ஸ்’ ஆய்விலிருந்து வந்தது. சின்சினாட்டி, கொலம்பஸ், பிட்ஸ்பர்க், ஹூஸ்டன், பர்மிங்ஹாம் ஆகிய ஐந்து ஊர்களின் மருத்துவமனைகளில் 2007 முதல் 2012 வரை பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 242 வளரிளம் பருவத்தினரை அதில் சேர்த்தார்கள். சராசரி வயது 17. பி.எம்.ஐ.யின் நடுமதிப்பு சுமார் 51. நால்வரில் மூவர் பெண்கள். 161 பேருக்கு ரூ-என்-வை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டுவது), 67 பேருக்கு ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), 14 பேருக்கு இரைப்பைப் பட்டை. அறுவைக்கு முன்பே எல்லோருடைய சிறுநீரையும் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்ததில் 14 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் அல்புமின் சிறிதளவும், 3 சதவீதம் பேருக்கு நிறையவும் கசிந்துகொண்டிருந்தது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் கீழே இறங்கியவர்கள் 3 சதவீதம். 150-க்கு மேல் எகிறியவர்கள் 7 சதவீதம். இவர்களில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் ஏழில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே ‘சர்க்கரை இல்லையே, சிறுநீரகத்துக்கு என்ன’ என்ற சமாதானம் செல்லாது.

திறன் குறைவதுதான் நோய், கூடுவது எப்படி நோயாகும் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பருமனில் சிறுநீரகச் சேதம் தொடங்குவதே அந்தக் கூடுதலில்தான். உடல் பெருக்கப் பெருக்கச் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் கூடுகிறது. குளோமருலஸ் என்னும் நுண்ணிய வடிகட்டி முடிச்சுக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் விரிகிறது. வெளியே கொண்டுபோகும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் சுருக்குகிறது. நடுவில் அழுத்தம் ஏறுகிறது, முடிச்சு வீங்கிப் பெரிதாகிறது. அந்த முடிச்சின் வெளிப்புறத்தைப் போடோசைட் என்ற செல்கள் போர்த்தியிருக்கின்றன. அவை மற்ற செல்களைப் போலப் பிரிந்து பெருகுவதில்லை. பானையின் வாய் அகன்றுகொண்டே போக, அதே துணியை இழுத்து இழுத்துக் கட்டுவது போன்ற நிலை அது. எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போகிறது, அந்த வழியாக அல்புமின் கசிகிறது. விட்டுப்போன இடத்தில் பிறகு தழும்பு விழுகிறது. கசிவு நிலைவரை திரும்பி வர வழி இருக்கிறது. தழும்பு விழுந்த முடிச்சு திரும்ப வராது. மனிதருக்குக் கருவில் சுமார் 36 வாரம் வரைதான் புதிய வடிகட்டிகள் உருவாகின்றன. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகள் குறைந்த கையிருப்போடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அதனால் பருமனான பிள்ளையின் கேஸ் ஷீட்டில் பிறந்தபோது இருந்த எடையும் எழுதப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பெரும்பாலான இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

எதை அளப்பது, எப்படி ஏமாறுவது

முதலில் சிறுநீர். அல்புமினையும் கிரியாட்டினினையும் ஒரே மாதிரியில் அளந்து விகிதம் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்கு மேல் இருந்தால் கசிவு. 300-க்கு மேல் இருந்தால் கடுமையான கசிவு. சில லேப்கள் ‘மைக்ரோ அல்புமின்’ என்று தனியாக லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என எழுதித் தருவார்கள். அந்த எண், பிள்ளை அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைப் பொறுத்து மாறும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனை சிறிய கசிவைக் காட்டவே காட்டாது.

காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். இதை லேபில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் பாதிக் குழப்பம். வளரிளம் வயதில் சிலருக்கு நின்று நடமாடும் நேரத்தில் மட்டும் புரதம் கசியும்; படுத்திருக்கும்போது கசியாது. அது நோயல்ல. மதியம் ஓ.பி.யில் காத்திருந்துவிட்டுக் கொடுத்த மாதிரியில் 60, 70 என்று வந்து, வீட்டார் பயந்துபோய், மறுநாள் காலை மாதிரியில் 9 என்று வருவது சகஜம். முந்தைய இரவு படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், காலையில் எழுந்ததும் பிடிக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில், காய்ச்சலில், கடும் உடற்பயிற்சி செய்த மறுநாளில் எடுக்கக் கூடாது. சில மாத இடைவெளியில் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் கசிவு என்று எழுத வேண்டும்.

அடுத்தது வடிகட்டும் திறன். குழந்தைகளுக்குப் பயன்படுவது 2009-இல் வெளியான எளிய ஷ்வார்ட்ஸ் சூத்திரம்: சென்டிமீட்டரில் உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.7 என்றால் 97 வரும். அறுவைக்குப் பிறகு ஒரு வருடத்தில் அதே பெண்ணின் கிரியாட்டினின் 0.55-ஆக இறங்கினால் கணக்கு 124 காட்டும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதனாலேயே எண் இறங்கியிருக்கலாம். டீன்-லேப்ஸ் குழு இதை முன்கூட்டியே யோசித்துச் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு புரதத்தை அளந்தது. அது தசையைச் சார்ந்ததல்ல. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: கொழுப்புத் திசுவும் உடலின் அழற்சியும் சிஸ்டாட்டினைக் கூட்டும், தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் கூட்டிக் காட்டும். ஆகவே அறுவைக்கு முன் சிஸ்டாட்டின் கணக்குத் திறனைக் கொஞ்சம் குறைத்தே சொல்லக்கூடும். இரண்டையும் ஒன்றாக அளந்து, இரண்டும் ஒரே திசையில் போகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சிறுநீரக மருத்துவர்கள் அல்லாதவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ரிப்போர்ட்டில் வரும் வடிகட்டும் திறன் எல்லாம் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு என்று சுருக்கப்பட்டது. 170 செ.மீ. உயரம், 150 கிலோ எடை உள்ள பையனின் உடற்பரப்பு 2.66 சதுர மீட்டர். அவனுடைய சிறுநீரகங்கள் உண்மையில் நிமிடத்துக்கு 170 மி.லி. வடிகட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம்; ரிப்போர்ட் 111 என்று காட்டும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். அறுவைக்குப் பின் 105 கிலோவுக்கு வந்தால் உடற்பரப்பு 2.23. உண்மையான வடிகட்டல் 140-ஆகத் தணிந்திருந்தாலும் ரிப்போர்ட் 109 என்றுதான் சொல்லும். நிமிடத்துக்கு 30 மி.லி. சுமை இறங்கியிருக்கிறது, காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பருமனான பிள்ளைகளுக்கு இந்த எண்ணை உடற்பரப்பால் திருப்பிப் பெருக்கி 1.73-ஆல் வகுத்தும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது அது மிகவும் அவசியம்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைச் சுற்றளவு 45 செ.மீ. உள்ள பிள்ளைக்குப் பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை குறைந்தது 18 செ.மீ. அகலமும் 36 செ.மீ. நீளமும் இருக்க வேண்டும். சாதாரணப் பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். 13 வயதுக்கு மேல் 130/80 என்பதே உயர் அழுத்தம். முடிந்தால் 24 மணி நேரப் பதிவு எடுக்க வேண்டும். மூச்சடைப்போடு தூங்கும் பிள்ளைகளுக்கு இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நிற்கும், பகலில் அளந்தால் அது தெரியாது.

அறுவை என்ன செய்தது

மூன்று வருடம் கழித்து டீன்-லேப்ஸ் பிள்ளைகளின் எடை சராசரியாக 27 சதவீதம் குறைந்திருந்தது. பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுநீரகக் கணக்கு 2017-இல் தனியாக வெளியானது. அறுவைக்கு முன் வடிகட்டும் திறன் 90-க்குக் கீழே இருந்தவர்களின் சராசரி 76-இலிருந்து 102-க்கு உயர்ந்தது. அல்புமின் கசிவு இருந்தவர்களின் சராசரி விகிதம் 74-இலிருந்து 17-க்கு இறங்கியது, அதாவது இயல்பான எல்லைக்குள். முதலிலிருந்தே நன்றாக இருந்தவர்களுக்கு நன்றாகவே நீடித்தது.

இதில் ஒப்பிடுவதற்கு அறுவை செய்யாத குழு இல்லை. 76-இலிருந்து 102 என்ற உயர்வில் ஒரு பங்கு, கொழுப்பு குறைந்ததால் சிஸ்டாட்டின் இறங்கிய கணக்காக இருக்கலாம். மிகவும் மோசமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிறகு அளந்தால் சராசரி கொஞ்சம் தானாகவே நல்ல பக்கம் நகரும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் அல்புமின் இறங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குச் சிஸ்டாட்டின் பொருட்டல்ல; தசை கரைந்தால் அந்த விகிதம் கூடத்தான் செய்யும், இறங்காது.

சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு கிடைத்திருக்கிறது. டீன்-லேப்ஸில் டைப் 2 சர்க்கரை இருந்த 30 பேரையும், ‘டுடே’ என்ற மருந்துச் சிகிச்சை ஆய்வில் அவர்களைப் போலவே கடும் பருமனோடு இருந்த 63 பேரையும் ஐந்து வருடம் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அறுவைக் குழுவில் அல்புமின் கசிவு 27 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. மருந்துக் குழுவில் 21-இலிருந்து 43-க்கு ஏறியது. மிகை வடிகட்டல் (திறன் அளவுக்கு மேல் எகிறுவது) அறுவைக் குழுவில் 21-இலிருந்து 18; மருந்துக் குழுவில் 7-இலிருந்து 48. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, ஆட்களும் குறைவு. ஆனாலும் இரண்டு கோடுகள் இவ்வளவு எதிரெதிராகப் போவதை ஒதுக்கிவிட முடியாது. ‘டுடே’ பிள்ளைகளை இருபதுகளின் நடுப்பகுதி வரை பின்தொடர்ந்த 2021 அறிக்கையில், சர்க்கரையால் வரும் சிறுநீரக நோய் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வந்திருந்தது. வளரிளம் வயதில் வரும் டைப் 2 எவ்வளவு வேகமானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2017 அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு வரி. அறுவைக்குப் பிறகும் பி.எம்.ஐ. 40-க்கு மேலேயே இருந்தவர்களுக்குப் பி.எம்.ஐ. ஏற ஏறச் சிறுநீரகத் திறன் குறைவாக இருந்தது. 40-க்குக் கீழே வந்தவர்களுக்கு அந்தத் தொடர்பே இல்லை. இதை எடைக் குறைவின் சதவீதத்தோடு சேர்த்துப் பாருங்கள். பி.எம்.ஐ. 48-இல் அறுவை செய்து 27 சதவீதம் குறைந்தால் 35-க்கு வந்துவிடுகிறார். 60 வரை காத்திருந்து அதே அறுவை, அதே 27 சதவீதம் என்றால் 44-இல்தான் நிற்கிறார். அறுவை வெற்றிதான், ஆனால் சிறுநீரகம் இன்னும் ஆபத்து எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ‘சின்னப் பிள்ளை, இன்னும் ரெண்டு வருஷம் டயட்டில் பார்ப்போம்’ என்று அன்போடு சொல்லப்படும் தள்ளிவைப்பின் விலை இதுதான். அந்த இரண்டு வருடத்தில் இந்த எடையில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் குறைவதில்லை, கூடுகிறார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 கொள்கை அறிக்கையின்படி பி.எம்.ஐ. 35 அல்லது அந்த வயதின் 95-ஆவது நூற்றுமானத்தின் (நூறு பிள்ளைகளில் 95 பேர் அதற்குக் கீழே இருக்கும் அளவின்) 120 சதவீதத்தைத் தாண்டி, கூடவே பருமனால் வந்த நோய் ஒன்று இருந்தால் அறுவை பற்றி யோசிக்கலாம். 40 அல்லது 140 சதவீதத்தைத் தாண்டினால் வேறு நோய் தேவையில்லை. 2023 வழிகாட்டுதல் 13 வயதிலிருந்தே அறுவை மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. நோய்களின் பட்டியலில் மூச்சடைப்பு, சர்க்கரை, கல்லீரல் அழற்சி, இடுப்பு எலும்பு நழுவல் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. மூன்று மாதிரிகளில் உறுதியான அல்புமின் கசிவையும் அதே தட்டில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். செமாக்ளூடைடு 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி பெற்றது. 68 வார ஆய்வில் பி.எம்.ஐ. சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. நல்ல மருந்து. பி.எம்.ஐ. 42 உள்ள பிள்ளைக்கு அது போதுமானதாக இருக்கலாம். 55 உள்ளவருக்குத் தனியாகப் போதாது. நிறுத்தினால் எடை திரும்பும். டோபிராமேட் சேர்ந்த எடைக் குறைப்பு மாத்திரையைச் சிறுநீரகக் கல் வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கொடுக்க நான் தயங்குவேன், அது கல்லை வளர்க்கும் மருந்து.

மேசை மீதும் முதல் மாதத்திலும்

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட்டு நீண்ட குழாய்போல விடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் ஒற்றை இணைப்பு பைபாஸில், ‘மினி பைபாஸ்’ என்பது அதுதான், இன்னும் நீளமான குடல் தாண்டப்படுகிறது. சிறுநீரகத்தின் பக்கம் நின்று பார்த்தால், ஏற்கெனவே திறன் குறைந்த பிள்ளைக்கும், பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படலாம் என்ற பிள்ளைக்கும் ஸ்லீவ்தான் பாதுகாப்பு. கொழுப்பு உறிஞ்சுதல் கெடாது, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் உடலில் சேர்வதும் அவ்வளவாகக் குழம்பாது. சர்க்கரை முற்றியிருந்தால், கடும் நெஞ்செரிச்சல் இருந்தால் பைபாஸ் பக்கம் தராசு சாயும்.

ரத்த அழுத்தத்துக்கும் அல்புமின் கசிவுக்கும் கொடுக்கும் எனாலபிரில், லோசார்ட்டான் போன்றவற்றை அறுவை நாளன்று கொடுக்கக் கூடாது. பிள்ளை போதுமான அளவு தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு, குளுக்கோமீட்டரில் அது பிடிபடாது. அறுவைக்காக வயிற்றுக்குள் வாயு நிரப்பியிருக்கும் நேரத்தில் சிறுநீர் குறைவது இயல்பு. வாயுவை எடுத்ததும் சரியாகும். அதற்காக சலைனை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை. பி.எம்.ஐ. 50-க்கு மேல் உள்ளவர்கள் மேசையில் பல மணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் பிட்டத்துத் தசை நசுங்கி, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். எழுந்ததும் வயிற்றைவிடப் பிட்டம் அதிகம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், சிறுநீர் டீ நிறத்தில் போனால், தசை நசுங்கினால் ரத்தத்தில் கூடும் சி.கே. என்ற நொதியின் அளவை உடனே பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் சிறுநீரகத்துக்குப் பெரிய எதிரி நீர்ச்சத்துக் குறைவு. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாது, குடித்தால் வாந்தி. கால் மணி நேரத்துக்கு 30 மி.லி., மருந்து மூடியால் அளந்து. விழித்திருக்கும் 14 மணி நேரத்துக்கு அது 1,680 மி.லி. ஆகும். இலக்கு அதுதான். பதின்வயதினர் போனில் மூழ்கி இரண்டு மணி நேரம் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதே போனில் 15 நிமிட அலாரம் வைப்பது பலனளிக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் தள்ளி. எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால், எழுந்தால் தலை சுற்றினால், ஒரு நாளுக்கு மேல் வாந்தி நீடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லிக் கேட்க வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்த உடலில் தயாமின் காலியாகியிருக்கும்; அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படும்.

‘புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்று பயந்து நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. சிறுநீரகத் திறன் இயல்பாக உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை, அது கெடுக்காது. திறன் 60-க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் உணவியலாளர் அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கல்

அல்புமின் பிரச்சினை தணிந்த பிறகு, ஒன்றிரண்டு வருடம் கழித்து, வேறொரு வாசல் வழியாகச் சிறுநீரகத்துக்கு ஆபத்து வரலாம். பைபாஸில் கொழுப்பு முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. குடலில் மிஞ்சும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வழக்கமாக அந்தக் கால்சியம்தான் கீரை, கொட்டை போன்ற உணவிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். இப்போது ஆக்ஸலேட் தனித்து விடப்பட்டு, பெருங்குடல் வழியாக ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் இறங்குகிறது. அங்கே கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைந்திருக்கும், சிறுநீரின் அளவும் குறைந்திருக்கும். கல் உருவாகிறது. அரிதாக, ஆக்ஸலேட் சிறுநீரகத் திசுவிலேயே படிந்து அதைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. ஸ்லீவில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

தடுக்கும் வழி பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். தூங்கப் போகும்போது வெறும் வயிற்றில் போட்டால் எலும்புக்குப் போகும், ஆக்ஸலேட்டைப் பிடிக்காது. கார்பனேட்டைவிட சிட்ரேட் நல்லது: அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும், சிறுநீரில் சிட்ரேட்டையும் கூட்டும். ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் வேண்டும், ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம். லேபிளைப் படிக்கும்போது கவனம் தேவை. ‘கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.’ என்று எழுதிய மாத்திரையில் உள்ள உண்மையான கால்சியம் 210 மி.கி. அளவுதான். இரண்டு மாத்திரை போட்டுவிட்டு 2,000 சேர்ந்தது என்று நினைப்பவர்களுக்குக் கிடைப்பது 420. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். டீன்-லேப்ஸில் மூன்று வருடத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரும்புக் கையிருப்பு குறைந்திருந்தது; மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அதை விடவே கூடாது.

நம் வீடுகளில் ஆக்ஸலேட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாலக், பசலை, முளைக்கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம், எள், கடுந்தேநீர். எடை குறைக்கும் ஆர்வத்தில் தினமும் காலையில் பச்சைக் கீரையை அரைத்துக் குடிப்பதும், பசித்தபோதெல்லாம் பாதாம் கொறிப்பதும் பைபாஸ் ஆனவர்களுக்கு நேர் எதிரான பழக்கம். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையும் ஆக்ஸலேட் பெருமளவு போய்விடும். கீரையும் தயிரும் சேரக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பைபாஸ் ஆன பிள்ளைக்கு அந்த இரண்டும் ஒரே வேளையில் சேர்வதே நல்லது, தயிரின் கால்சியம் கீரையின் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துவிடும். எலுமிச்சைச் சாறு சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், உப்பும் அளவாகத்தான். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை உடலுக்குள் ஆக்ஸலேட்டாக மாறும், வேண்டாம். ஒரு வருடம் ஆனதும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஆக்ஸலேட், சிட்ரேட், கால்சியம், மொத்த அளவு நான்கையும் பார்க்க வேண்டும். ஆக்ஸலேட் 45 மி.கி.யைத் தாண்டினால் உணவைத் திருத்த வேண்டும். சிறுநீர் இரண்டு லிட்டருக்குக் குறைந்தால் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

மாத்திரைகள், கருத்தரிப்பு, கைமாற்றிக் கொடுத்தல்

பதினாறு வயதுப் பெண் மாதவிடாய் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது மெஃபெனமிக் அமிலம் அல்லது ஐபூபுரோஃபென். பைபாஸுக்குப் பிறகு இணைப்பில் புண் வர அதுவும் ஒரு பெரிய காரணம். நீர்ச்சத்துக் குறைந்த உடலில் சிறுநீரகத்தையும் அடிக்கும். பாராசிட்டமால் போட வேண்டும், அதில் அடங்காவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

அல்புமினுக்காகக் கொடுக்கும் எனாலபிரிலும் லோசார்ட்டானும் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் மருந்துகள். எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர் டி அல்லது ஹார்மோன் சாதனம் சரி. இந்தப் பேச்சை அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கி விட்டுவிட்டால், தெரியாமல் உண்டான கருவில் லோசார்ட்டான் போய்ச் சேரும்.

கடைசியாக, தொடர் கவனிப்பு. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், காலை முதல் சிறுநீரின் அல்புமின் விகிதம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. சிஸ்டாட்டின் அறுவைக்கு முன் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று. டீன்-லேப்ஸின் பத்தாண்டு முடிவுகள் 2024-இல் வந்தன: பி.எம்.ஐ. சராசரியாக 20 சதவீதம் குறைந்த நிலையில் நின்றது, அறுவைக்கு முன் சர்க்கரை இருந்தவர்களில் அது தணிந்த நிலையில் இருந்தவர்கள் 55 சதவீதம். எடை சிலருக்குத் திரும்புகிறது, சர்க்கரையும் திரும்புகிறது, அப்போது அல்புமினும் திரும்பக்கூடும். அது திரும்பும் வருடங்களில் அந்தப் பிள்ளை குழந்தைகள் மருத்துவமனையில் இருக்காது. கல்லூரி ஹாஸ்டலில், வேலைக்குப் போன ஊரில், ‘வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆச்சு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருக்கும். பதினெட்டு வயதில் வெளியே அனுப்பும்போது ஒரு பக்கக் கடிதம் கையில் கொடுத்து, அதன் படத்தைப் போனிலும் ஏற்றிவிட வேண்டும்: எந்த அறுவை, எந்தத் தேதி, தாண்டப்பட்ட குடலின் நீளம், அறுவைக்கு முன்னும் பின்னும் அல்புமின் விகிதம், கிரியாட்டினின், சிஸ்டாட்டின், பிறந்தபோது எடை, இப்போது எடுக்கும் மாத்திரைகள், ஐபூபுரோஃபென் வகை கூடாது, வாந்தியோடு வந்தால் குளுக்கோஸுக்கு முன் தயாமின், விலாவில் வலி என்றால் ஆக்ஸலேட் கல்லை முதலில் நினைக்கவும்.